எரிபொருள் தீரும்வரை மரியாதையாகப் பேசினார்கள்

1978 டிசம்பர் 28 மாலை. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 173 விமானத்தில் 189 பேர் இருந்தார்கள். தரையிறங்கச் சக்கரங்களை இறக்கியதும் அடியில் தடாலென்று ஒரு சத்தம். சக்கரம் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது என்று காட்டவேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் கொண்ட கேப்டன் பதறவில்லை. ஊரைச் சுற்றி வட்டமடித்தபடியே, அவசரத் தரையிறக்கத்துக்குப் பயணிகளைத் தயார்ப்படுத்தச் சொன்னார். அப்படியே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனது.

காக்பிட்டின் கடைசி அரை மணி நேரப் பேச்சு ஒலிப்பதிவில் இருக்கிறது. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று துணை விமானி கேட்கிறார். 5,000 பவுண்டு என்கிறார் ஃபிளைட் இன்ஜினியர். இன்னும் 15 நிமிடத்துக்குக் கேப்டன் கணக்குப் போடும்போது, அவ்வளவு நேரமென்றால் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும் என்றும் அந்த இன்ஜினியரே சொல்கிறார். தகவல் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. "உடனே இறங்கியாக வேண்டும்" என்பதை மட்டும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஒரு இன்ஜின் நிற்கப்போகிறது என்று துணை விமானி சொன்னபோது கேப்டன் கேட்டது: "ஏன்?" அவர் மறுபடி சொன்னார். மறுபடியும் "ஏன்?" எரிபொருள் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

விமான நிலையத்துக்குச் சுமார் 10 கிலோமீட்டர் முன்பாக, மரங்களுக்கிடையில் விமானம் விழுந்தது. இறந்த 10 பேரில் அந்த இன்ஜினியரும் ஒருவர். பெரிதாகத் தீப்பிடிக்கவில்லை, பிடிக்க எரிபொருளே இல்லை.

இப்படிப்பட்ட ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மொழியியலாளர் சார்லட் லிண்டே. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பேசும்போது சொல்லைத் தணித்துக்கொள்கிறார். அப்படித் தணிக்கத் தணிக்க, அந்த யோசனை காதில் ஏறும் வாய்ப்பும் குறைகிறது என்பது அவர் கண்டது. நமக்கு இதைப் புரியவைக்க ஆய்வு தேவையில்லை. "சார், ஒரு சின்ன டவுட்டு" என்று ஆரம்பிக்கும் பேச்சுக்குள் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும் என்பது எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

போர்ட்லாண்ட் விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு பயிற்சிகளைப் பரிந்துரைத்தது. கீழே இருப்பவர்களுக்கு, துணிந்து சொல்லும் பயிற்சி. கேப்டன்களுக்கு, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் பயிற்சி. நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் விரும்புகின்றன. ஜூனியர்களை ஒரு பட்டறைக்கு அனுப்பிவிட்டால் மேலதிகாரி மாறவேண்டிய அவசியம் இல்லையே! கேட்கத் தெரியாதவர் முன்னால் எவ்வளவு துணிச்சலும் ஒரு தடவைக்குத்தான் வரும்.

காக்பிட்டில் சேர்ந்து முடிவெடுப்பது எப்படி என்பதற்கென்றே 1979இல் நாசா ஒரு கருத்தரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. கம்பெனி மேலாளர்களுக்காக உருவான நிர்வாகப் பாடங்களே அதற்கு அடிப்படை. மூத்த விமானிகள் சிலர் இதை நாசூக்கு கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று கிண்டலடித்தார்கள்.

1989 ஜூலையில் அதே நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால்பகுதி இன்ஜின் சிதறி, திசைதிருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செத்துப்போனது. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்சைக் காக்பிட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். ஃபிட்ச் இன்ஜின்களின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்ப, காக்பிட்டில் இருந்த நால்வரும் பேசிப் பேசியே அதை சியூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். தரையில் மோதி உடைந்தபோதும், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லையென்றால் முடிந்திருக்காது என்று ஹேன்ஸ் பிற்பாடு பல மேடைகளில் சொன்னார்.

விமானத்துக்கு வெளியேயும் இதே சிக்கல்தான். 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையுள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது: நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தவறு அங்கே அதிகம் நடக்கவில்லை, அதிகம் வெளியே சொல்லப்பட்டது என்பதே அவர் கண்ட விளக்கம். திட்டு விழும் என்று பயந்த வார்டுகளில் பதிவேடு சுத்தமாக இருந்தது. "என் பிரிவில் ஒரு புகார்கூட இல்லை" என்று பெருமைப்படும் மேலாளரைப் பார்த்தால் எனக்கு இந்த வார்டுகள்தான் ஞாபகம் வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், தோலைக் கீறுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். தினமும் பார்க்கும் முகங்களுக்குள் இது எதற்கு என்று முகம் சுளித்த சர்ஜன்கள் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் ஒருமுறை வாய் திறந்த நர்ஸுக்கு, நடுவில் "டாக்டர், நிறுத்துங்க" என்று சொல்வது கொஞ்சம் சுலபமாகிறது.