விசாவுக்கு ஒரு சமன்பாடு: பிரிட்டனின் குடும்ப வருமான வரம்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

லண்டனில் வசிக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும் தனது வாழ்க்கைத் துணையை பிரிட்டனுக்கு அழைத்துக்கொள்ள முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்படும் ஓர் எளிய நேரியல் சமன்பாடுதான்.

பிரிட்டிஷ் குடிமக்களும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் தமது வெளிநாட்டுத் துணையை அழைப்பதற்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற விதி, 2012ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் தெரசா மே. அன்று 18,600 பவுண்டுகளாக இருந்த இந்த வரம்பு, புதிய விண்ணப்பதாரர்களுக்கு 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டுகளாக உயர்த்தப்பட்டது.

வருமானம் இந்த வரம்பைவிடக் குறைவாக இருப்பவர்கள், அந்தக் குறையைச் சேமிப்பைக் கொண்டு ஈடுசெய்யலாம். அதற்கான கணக்கு இதுதான்:

தேவையான சேமிப்பு = 16,000 + 2.5 × (29,000 − ஆண்டு வருமானம்)

இதில் வருமானம் மட்டுமே ஆளுக்கு ஆள் மாறுவது. மற்ற மூன்று எண்களும் அரசு நிர்ணயித்த மாறிலிகள்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

எடுத்துக்காட்டாக, ஈஸ்ட்ஹாமில் உள்ள ஒரு கடையில் வாரத்துக்கு 35 மணி நேரம், ஆண்டின் 52 வாரங்களும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட மணிக்கு 12.21 பவுண்டு என்ற விகிதத்தில் அவரது ஆண்டு வருமானம் 22,222 பவுண்டுகள் 20 பென்ஸ்.

வரம்புக்கு அவருக்குக் குறைவது 6,777.80 பவுண்டுகள். அதை இரண்டரையால் பெருக்கினால் 16,944.50. அத்துடன் 16,000த்தைக் கூட்டினால், அவர் காட்ட வேண்டிய சேமிப்பு 32,944 பவுண்டுகள் 50 பென்ஸ் ஆகும். பொதுவாக இந்தத் தொகை குறைந்தது ஆறு மாதங்கள் அவரது அல்லது அவரது துணையின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும்.

சேமிப்பே இல்லாமல் வரம்பை எட்டுவதானால், அதே ஊதியத்தில் அவர் வாரத்துக்கு ஏறத்தாழ 46 மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும். மாறாக, வருமானமே இல்லாத ஒருவர் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டுகள் தேவை. பழைய 18,600 வரம்பின் கீழ் இதே தொகை 62,500 பவுண்டுகளாக இருந்தது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

மாறிலிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொள்கை முடிவு இருக்கிறது. 16,000 பவுண்டுகளுக்கு மேல் சேமிப்பு உள்ளவர்கள், வருமானத்தைப் பொறுத்து வழங்கப்படும் அரச உதவிகளைப் பொதுவாகப் பெற முடியாது. ஆகவே அந்த அளவுக்கு மேற்பட்ட பணம் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. துணைக்கு வழங்கப்படும் அனுமதி ஒவ்வொரு கட்டத்திலும் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கானது என்பதால், அக்காலம் முழுவதற்குமான குறையை நிரப்பவே 2.5 என்ற பெருக்கம். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் இந்தப் பெருக்கம் கைவிடப்படுகிறது. மேலே சொன்ன கடை ஊழியருக்கு அப்போது 22,777.80 பவுண்டுகள் போதுமானதாக இருக்கும்.

வருமான வரம்பைப் பொறுத்தவரை, அரசுக்கு ஆலோசனை வழங்கும் குடியேற்ற ஆலோசனைக் குழு 2011இல் 18,600க்கும் 25,700க்கும் இடைப்பட்ட ஒரு தொகையைப் பரிந்துரைத்தது. அரசு அதில் மிகக் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 2024இல் கொண்டுவரப்பட்ட 29,000 வேறோர் அளவுகோலைச் சார்ந்தது. ஒரு தம்பதி அரச உதவியின்றி வாழ எவ்வளவு தேவை என்பதற்குப் பதிலாக, திறன்சார் தொழிலாளர் விசாவுக்குத் தகுதியான வேலைகளின் ஊதியங்கள் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்டன. சமன்பாட்டின் வடிவம் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த கேள்வி மாறிவிட்டது.

சமன்பாட்டில் இல்லாதவை

இந்தக் கணக்கின் சிறப்பு அதன் எளிமை. விண்ணப்பதாரரும் அதிகாரியும் ஒரே விடையையே பெறுவார்கள். ஆயினும் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு.

முதலாவது, வீட்டு வாடகை. 2012க்கு முன்னர், வரிக்குப் பிந்தைய வருமானத்திலிருந்து வீட்டுச் செலவைக் கழித்து, மீதமுள்ள தொகை அதே அளவுள்ள குடும்பத்துக்கு அரசு வழங்கும் வருமான உதவித் தொகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. அதுவும் ஒரு நேரியல் சமன்பாடுதான். ஆனால் அதில் வாடகை ஒரு மாறியாக இடம்பெற்றிருந்தது. உடற்குறை சார்ந்த சில உதவித் தொகைகளையோ பராமரிப்பாளர் உதவித் தொகையையோ பெறுவோருக்கு 2012க்குப் பின்னரும் அந்த முறையே தொடர்ந்தது. மற்றவர்களுக்கோ, வாடகை மிகுந்த லண்டனிலும் வாடகை குறைந்த வட இங்கிலாந்து நகரங்களிலும் வரம்பு ஒன்றே.

இரண்டாவது, வரம்பை ஒட்டிய திடீர்ப் பாய்ச்சல். 29,000 பவுண்டுகள் சம்பாதிப்பவருக்குச் சேமிப்பே தேவையில்லை. 28,999 பவுண்டுகள் சம்பாதிப்பவருக்கோ 16,002 பவுண்டுகள் 50 பென்ஸ் தேவை. ஒரு பவுண்டு வேறுபாடு ஒரு குடும்பத்தைப் பிரித்துவைக்கக் கூடும்.

மூன்றாவது, எது வருமானம் என்ற கேள்வி. வெளிநாட்டிலிருந்து முதல்முறை விண்ணப்பிக்கும் துணை, அங்கு எவ்வளவு ஊதியம் பெற்றாலும் அது பொதுவாகக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. சுயதொழில் வருமானத்துடன் சேமிப்பைச் சேர்த்துக் காட்டவும் முடியாது. சொந்தமாகக் கடை நடத்துவோருக்கு இது முக்கியமானது. ஏனெனில் மேற்கண்ட சமன்பாடு அவர்களது தொழில் வருமானத்துக்குப் பொருந்தாது.

நீதிமன்றமும் அரசியலும்

பழைய விதியில் குழந்தைகளுக்கும் ஓர் இடம் இருந்தது. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத முதல் குழந்தைக்கு 3,800 பவுண்டுகளும், அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 பவுண்டுகளும் வரம்புடன் கூட்டப்பட்டன. இரண்டு குழந்தைகள் இருந்தால் வரம்பு 24,800 பவுண்டுகள். 2024 மாற்றத்தில் இந்தக் கூடுதல் தொகைகள் நீக்கப்பட்டன. எனினும் அதற்கு முன்பே இந்த விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள், அதே துணையுடன் அனுமதியை நீட்டிக்கும்போது பழைய விதியின் கீழ் பரிசீலிக்கப்படுவார்கள் என்று அறிவிக்கப்பட்டது.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் 2017 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பில், வருமான வரம்பு கொள்கையளவில் சட்டபூர்வமானதே என்று கூறியது. அதேவேளை, குழந்தைகளின் நலனுக்கு விதிகள் உரிய இடம் அளிக்கவில்லை என்றும், வேறு நம்பகமான நிதி ஆதாரங்களைக் கருத்தில் கொள்வதற்கு இருந்த தடை குறித்தும் குறை கண்டது. அதன் பிறகு, விதிவிலக்கான சூழல்களில் மூன்றாம் தரப்பின் உதவி போன்றவற்றையும் பரிசீலிக்க விதிகள் திருத்தப்பட்டன. அதாவது, சமன்பாடு தவறவிட்டவற்றைப் பார்க்க ஒரு வழி திறக்கப்பட்டது.

வரம்பை 38,700 பவுண்டுகள் வரை உயர்த்தும் முந்தைய அரசின் திட்டத்தை, 2024 ஜூலையில் பதவியேற்ற தொழிற்கட்சி அரசு நிறுத்திவைத்தது. அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஆராய்ந்த குடியேற்ற ஆலோசனைக் குழு, 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் 38,700 என்ற அளவு கூடாது என்று தெரிவித்தது. குடும்ப வாழ்வுக்கான உரிமையுடன் அது முரண்படக் கூடும் என்பது அக்குழுவின் கருத்து.

38,700 என்ற எண்ணை அதே சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால், ஈஸ்ட்ஹாம் கடை ஊழியர் காட்ட வேண்டிய சேமிப்பு 57,194 பவுண்டுகள் 50 பென்ஸாக உயரும். அவருடைய உழைப்பிலோ ஊதியத்திலோ எந்த மாற்றமும் இல்லை. மாறுவது அரசு எழுதும் ஓர் எண் மட்டுமே. விண்ணப்பிக்கத் திட்டமிடும் குடும்பங்கள், தமது வருமானத்தைக் கணக்கிடுவதற்கு முன்பாக, விண்ணப்பிக்கும் நாளில் அந்த எண் என்னவாக இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியமாகிறது.