பூண்டியில் மதகு திறந்தால்...

மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகும் மணலி புதுநகர்த் தெருக்களில் நீர்மட்டம் உயர்வதேன் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? 2021 நவம்பரில் அவ்வாறே நேர்ந்தது. அந்த நீர் நம் ஊரில் பெய்த மழைநீர் மட்டுமன்று. கொசஸ்தலையாறு தொலைவிலிருந்து சுமந்து வந்த நீர்!

ஏறத்தாழ 136 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. நந்தியாறும் நகரியாறும் இதன் துணையாறுகள். நகரியாறு ஆந்திர மலைகளில் பிறப்பது. ஆகவே, சித்தூர்ப் பக்கம் பெய்யும் மழையும் நம் வாசலுக்கு வரும் மழையே! சென்னைக்குள் ஓடும் கூவமும் கேசவரம் அணைக்கட்டில் இதிலிருந்தே பிரிகிறது.

துணையாறுகளின் நீர் திரளும் இடம் பூண்டி நீர்த்தேக்கம். 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட இது நிரம்பினால், உபரிநீரை ஆற்றில் திறந்தே ஆகவேண்டும். அதற்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து வெள்ளம் நம்மை நெருங்குகிறது. புழல் ஏரியின் உபரிநீரும் மணலி வழியாகச் சடையன்குப்பம் அருகே இவ்வாற்றையே வந்தடைகிறது. இரு நீர்களும் ஒரே வேளையில் வந்தால், தாழ்ந்த நிலத்தில் அமைந்த நம் ஊர் என் செய்யும்?

வெளியேறும் வழியோ எண்ணூர் முகத்துவாரம் ஒன்றுதான். கடல் ஏற்றத்தின்போது அங்கே நீர் தயங்கி நிற்கும். முன்பு அந்நீரைத் தாங்கிக்கொண்ட சதுப்பு நிலங்களும் உப்பளங்களும் ஆலைகளாலும் அனல் மின் நிலையச் சாம்பலாலும் சுருங்கிவிட்டன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கச்சா எண்ணெயும் கலந்து வந்து, கழிமுகத்து மீனவரின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியதை மறக்க முடியுமா?

எனவே, பூண்டியில் மதகு திறக்கப்படுகிறது என்னும் அறிவிப்பை அயலூர்ச் செய்தியாக எண்ணிவிடாதீர்கள். அந்நீர் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் முதியோரையும் கர்ப்பிணிகளையும் மேடான இடத்திற்கு அனுப்புங்கள். குடும்ப அட்டை, பத்திரங்கள், மருந்துகள் ஆகியவற்றை உயரத்தில் வையுங்கள். அண்டை வீட்டாருக்கும் அறிவியுங்கள். மனை வாங்குவோர் பட்டாவைப் பார்ப்பதோடு நில்லாமல், அவ்விடம் முன்பு நீர்வழியாக இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

ஆறு தன் வழியை மறப்பதில்லை. நாம்தான் மறந்துவிடுகிறோம்!