மூன்றாம் நாள் மண்வெட்டி

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. நான்காம் நாளும் நகராத உறவினர் காதில் விழும்படி அதைச் சொல்லும் சாமர்த்தியம் நம் பாட்டிமார்களுக்கு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிலும் ஏறத்தாழ இதே கணக்கு இருக்கிறது. வந்தவனை இரண்டு நாள் விருந்தாளியாக வைத்திரு, மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது அவர்கள் வழக்கு. தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நியரேரே, 1962ஆம் ஆண்டு தாம் எழுதிய 'உஜமா' பற்றிய கட்டுரையில் இப்பழமொழியை எடுத்தாண்ட பின்னர் அது உலகெங்கும் தெரியலாயிற்று. நம்முடைய பழமொழி விருந்தாளியை ஊருக்கு அனுப்புகிறது. அவர்களுடையதோ வயலுக்கு அனுப்புகிறது. அந்த வேறுபாடு நமக்கு விளங்கச் சில வாரங்கள் ஆயின. ஒரு காய்ச்சலும் வேண்டியிருந்தது.

நாம் இராயபுரத்தில், இராயப்பர் ஆலயத்துக்குப் பின்தெரு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். எண்ணூர் நெடுஞ்சாலையோரத்துத் தொழிற்சாலை ஒன்றில் லேத் முன் நின்று தொழில் பழகிய கை நம்முடையது. 1980ஆம் ஆண்டு தொடங்கி இந்தியச் சலேசியக் குருக்கள் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் மறைப்பணியாற்றச் சென்ற செய்தி அக்காலத்தில் பங்குகளில் பேசப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து நம்மிடம் வந்தவர்களையே பார்த்துப் பழகிய நமக்கு, நம்மிடமிருந்து ஒருவர் புறப்படுகிறார் என்பது புதுமையாக இருந்தது. குருக்கள் போகலாமெனில் கடைசல் தொழிலாளி போகக்கூடாதா என்று நாம் எண்ணினோம். விக்டோரியா ஏரிக்கரையில், முவான்சா நகருக்கு வெளியே இருந்த மறைத்தளம் ஒன்றின் தொழிற்கூடத்தில் இரண்டாண்டு பணிபுரிய இடம் கிடைத்தது. 1987ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புறப்பட்டோம்.

"அங்கே சோறு கிடைக்குமா?" என்பதே அம்மா கேட்ட முதற் கேள்வி. கிடைக்காது என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை எண்ணெய்த் தாளில் மூன்று சுற்றுச் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்கள்.

தார்-எஸ்-சலாம் நகரிலிருந்து முவான்சாவுக்கு இரயில் பாதை 1,200 கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு இரவுகள் கழிந்து இறங்கியபோது, எதிரே கண்டது கடல் என்றே தோன்றியது. அலை உண்டு, படகு உண்டு, மீன் வாடையும் உண்டு. குனிந்து நீரை அள்ளி வாயில் விட்டபோதுதான் உப்பில்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய 69,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி அது. நம் தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போல் பெரும் கருங்கற் பாறைகள். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலான இடமாதலால், நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்தும் இரவில் போர்வை தேவைப்பட்டது.

தொழிற்கூடத்தில் நமக்காக இயந்திரம் காத்திருந்தது. ஆனால் அதைத் தொட விடவில்லை. முதல் ஆறு வாரம் ஒரு குடும்பத்தோடு தங்கி மொழி பழகவேண்டும் என்பது அங்கு ஏற்பாடு. சுகுமா இனத்தவரான உபதேசியார் ஒருவரின் வீடு நமக்கு அமைந்தது. மண் செங்கல் சுவர், தகரக் கூரை. மூத்த மகனுடைய அறையைக் காலிசெய்து நமக்குத் தந்திருந்தார்கள். அந்தப் பையன் எங்கே படுத்தான் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுக்கவேண்டும். உள்ளிருந்து 'கரிபு' என்று வரவேற்பு வந்தால்தான் நுழையலாம். பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' என்று சொல்லவேண்டும். உம் பாதங்களைப் பற்றுகிறேன் என்பது அதன் மூலப்பொருளாம். நாம் குனிந்து செய்வதை அவர்கள் சொல்லால் செய்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'இன்னாரின் அம்மா' என்றே அழைக்கிறார்கள். இராயபுரத்துச் சந்துகளில் நம் தாய்மார் ஒருவரையொருவர் அழைப்பது வேறு எப்படி? தேநீர் அங்கே 'சாய்', வண்டி 'காரி', சப்பாத்தி 'சப்பாத்தி'யேதான். நம் நாட்டுக் கப்பல்களோடு போன சொற்கள்.

முதல் நாள் காலையில் ஒரு கோப்பையில் பழுப்பு நிறக் கஞ்சி வந்தது. வாயில் வைத்தவுடன் தூக்கிவாரிப் போட்டது: கேழ்வரகுக் கூழ்! ஆடி மாதத்தில் வடசென்னைத் தெருக்களில் குடம் குடமாய் ஊற்றும் அதே கூழ். அவர்கள் அதை 'உஜி' என்கிறார்கள். கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில்தான் என்றும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்தே நம் நாடு வந்தது என்றும் தாவர நூலார் கூறுகின்றனர். இது அப்போது நமக்குத் தெரியாது. நம் கூழை இவர்கள் எங்கே கற்றார்கள் என்றுதான் வியந்தோம். மதியம் 'உகாலி' என்னும் களி. தட்டு ஒன்றே; சுற்றி அமர்ந்து, வலக்கையால் கிள்ளி உருட்டி, நடுவே பெருவிரலால் குழித்து, குழம்பை அள்ளி உண்ணவேண்டும்.

மூன்றாம் நாள் அம்மாவின் கருவாட்டை நினைவுகூர்ந்து, பெருமையோடு பொட்டலத்தை அவிழ்த்தோம். வீட்டுக்கார அம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து வீட்டாரைக் கூவியழைத்து, "கடல் தாண்டி இவன் நமக்கு டாகா கொண்டுவந்திருக்கிறான்!" என்றார். டாகா என்பது விரல் நீளமுள்ள வெள்ளிநிற ஏரி மீன். நிலவில்லா இரவுகளில் விளக்கு வைத்து மயக்கிப் பிடித்து, மறுநாள் மணலில் பரப்பி உலர்த்துகிறார்கள். அந்தக் கரை முழுவதும் அதுதான் காய்ந்துகொண்டிருந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்றவர் நாமே.

சிரிப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நம்மைக் கண்டதும் அவ்வூரார் கூறிய சொல் 'முஹிந்தி', அதாவது இந்தியன். அச்சொல்லில் பகையில்லை, ஆனால் ஒரு தூரம் இருந்தது. அவர்கள் அறிந்த இந்தியர் கடைவீதியில் கல்லாவுக்கு அப்பால் அமர்ந்திருந்தவர், பெரும்பாலும் குஜராத்திகள். தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தும், ஆப்பிரிக்கர் வீட்டில் கைநனைத்தவர் அவர்களுள் மிகச் சிலரே. ஏரிக்கு அக்கரையான உகாண்டாவில் 1972ஆம் ஆண்டு இடி அமீன் ஆசியரையெல்லாம் துரத்தியபோது உலகம் அதிர்ந்தது. அது நடந்திருக்கவே கூடாத கொடுமை. எனினும் அத்தகையதொன்றுக்குக் கூட்டம் கைதட்டும் நிலை எப்படி உருவாகிறது என்பதை, இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது ஓரளவு ஊகிக்க முடிந்தது. முதல் வாரம் நாம் உண்பதைக் காணவே அக்கம்பக்கத்தார் வந்தார்கள். முதியவர் ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்: "கடையை எங்கே திறக்கப் போகிறீர்கள்?"

கடை திறக்க வரவில்லை, உதவ வந்தோம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

உதவ வந்த இலட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். தான்சானியாவில் அவை தட்டுப்பாட்டு ஆண்டுகள். 1978-79இல் உகாண்டாவோடு நடந்த போர் நாட்டின் கருவூலத்தை உறிஞ்சிவிட்டிருந்தது. சர்க்கரை, சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கிடைத்தால் உண்டு. நமக்கோ நாள்தோறும் இருவேளை சர்க்கரை போட்ட தேநீர் வந்தது. பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, பின்கட்டில் பிள்ளைகள் தேநீர் குடிப்பதைத் தற்செயலாகக் கண்டோம். கடைசிப் பெண், நாம் குடித்து வைத்த கோப்பையின் அடியில் கரையாமல் நின்ற சர்க்கரையை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் சர்க்கரை வேண்டாம் என்றோம். வீட்டுக்கார அம்மாளின் முகம் வாடிவிட்டது. என் வீட்டில் உனக்கு என்ன குறை என்று கேட்டார். விருந்தோம்பலை மறுப்பதும் ஒரு கொடுமைதான் என்று அப்போது தெரிந்தது. இரண்டு நாள் கழித்து மீண்டும் சர்க்கரைத் தேநீர் குடித்தோம். அவ்வளவு கசப்பான தேநீரை நாம் பின்னர் எங்கும் குடித்ததில்லை.

நாமாகவே தண்ணீர் எடுக்கப் புறப்பட்டதும் உண்டு. தெருக்குழாயடியில் விடியுமுன் குடம் வரிசை போட்ட இராயபுரத்தானுக்குத் தண்ணீரின் விலை தெரியாதா? ஏரிக்கரையில் பெண்கள் கூடிச் சிரித்தார்கள். உபதேசியாருக்கு அது தலைகுனிவாயிற்று. விறகு பிளக்கப் போனால் கோடரியைப் பையன் பிடுங்கிக்கொள்வான். 'வாத்தியார்', 'இந்தியர்', 'விருந்தாளி' என்று மூன்று நாற்காலிகளைப் போட்டு நம்மை உட்கார்த்திவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் போயிற்று, பத்தாம் நாள் போயிற்று. மண்வெட்டி மட்டும் வரவில்லை. பழமொழியை உபதேசியாரிடமே சொல்லிக் காட்டினோம். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான்காம் வாரம் மலேரியா கண்டது. உடம்பு தூக்கிப் போட்டது. கன்னியரின் மருந்தகத்திலிருந்து குளோரோகுயின் மாத்திரை வந்தது. மருந்தைவிட அதிகமாக வந்தவர்கள் மனிதர்கள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் 'ஜுமுயியா' என்ற சிறு குழுக்களாக வாரந்தோறும் வீடுகளில் கூடும் வழக்கம் அங்குண்டு. கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976ஆம் ஆண்டிலேயே இதை முதன்மைப் பணியாக மேற்கொண்டார்கள். நம் ஊர்களில் பின்னர் 'அன்பியம்' என்ற பெயரில் வந்தது இதுவே. அந்தக் குழுவினர் ஒவ்வொருவராக வந்து, 'போலே' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். உன் துன்பம் எனக்கும் துன்பம் என்பதுபோல் ஒரு பொருள் அதற்கு. கல் தடுக்கியவனுக்கும் போலே, வேலை செய்து களைத்தவனுக்கும் போலே. பேசவில்லை, அறிவுரை கூறவில்லை, மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருவோர் தம் மாமன் மகன் இதே நோயில் இறந்த கதையைச் சொல்லாமல் எழுவதில்லை. கடை எங்கே என்று கேட்ட முதியவரும் வந்து, கால்மாட்டில் அமர்ந்தார்.

நனைத்த துணியால் உடம்பைத் துடைத்தவர் வீட்டுக்கார அம்மாள். வாந்தியை அள்ளிக் கொட்டியவரும் அவரே. காய்ச்சலின் பிதற்றலில் நாம் தமிழில் அம்மாவை அழைத்திருக்கிறோம். 'அம்மா' என்பதை அவர் 'மாமா' என்று புரிந்துகொண்டார். சுவாகிலியில் 'மாமா' என்றால் தாய். "இதோ இருக்கிறேன், மகனே" என்றாராம்.

எழுந்து நடமாடிய மூன்றாம் நாள், முதல் மழை பெய்திருந்தது. விடியற்காலையில் அம்மாள் அறை வாசலில் நின்றார். 'ஹோடி' சொல்லவில்லை. கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து, "சோளக்கொல்லைக்கு வா. மெல்ல வெட்டு, இன்னும் உனக்குப் பலமில்லை" என்றார். நமக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று வெட்டியது நாலு முழ வரிசைகூட இராது. உள்ளங்கையில் கொப்புளம் ஐந்து. மதியம் சர்க்கரையில்லாத தேநீர் வந்தது. எல்லாருக்கும் அதே.

அந்த ஞாயிறு திருப்பலியில், முரசொலிக்கு நடுவே பெண்கள் குலவையிட்டபோது, உபதேசியார் நம்மைச் சபைக்கு அறிமுகம் செய்தார். முஹிந்தி என்று சொல்லவில்லை. இன்ன வீட்டுப் பிள்ளை என்றார்.

பின்னர்த் தொழிற்கூடத்தில் இரண்டாண்டு லேத் கற்றுக்கொடுத்தோம். ஓரளவு நன்றாகவே கற்றுக்கொடுத்தோம். அதில் விரித்துச் சொல்ல அதிகமில்லை.

இப்போது திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். நம் மாடி அறையில் ஒடிசாப் பையன் ஒருவன் வாடகைக்கு இருக்கிறான். 'வடக்கத்தியான்' என்பது தெருவில் அவன் பெயர். நாமும் ஆறு மாதம் அவனுக்கு வணக்கம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்? பொங்கலன்று சாப்பிட அழைத்தோம். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, பாதி இலையை மிச்சம் வைத்துவிட்டு, கைகூப்பிப் போய்விட்டான்.

சென்ற வாரம் தண்ணீர் லாரி வந்த நேரம், நம் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. வேலை முடிந்து படியேறிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "தம்பி, இந்தக் குடத்தைச் சமையற்கட்டில் கொண்டுபோய் வையேன்" என்றார்கள். நாம் பதறி எழுந்தோம். அதற்குள் அவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போயிருந்தான். இறக்கி வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை எட்டிப் பார்த்து, என்ன மீன் என்று கேட்டான்.