கையில் ஒரு வழி, வயிற்றில் ஒரு வழி

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் முன்கையில் ஃபிஸ்துலா போட்ட இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தோலுக்கடியில் வண்டு சிக்கிக்கொண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் அதிர்வு ஓடும். தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம் அது. சிரை தடித்து, பெரிய ஊசியைத் தாங்கப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. அதிர்வு நின்றுவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அந்த வழியே நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் டயலைசர் என்கிற உருளைக்குள் போகிறது. உள்ளே முடிபோன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். குழாய்க்குள் ரத்தம் ஓட, வெளியே எதிர்த்திசையில் திரவம் ஓடுகிறது. யூரியாவும் பொட்டாசியமும் சுவரைக் கடந்து திரவத்துக்குப் போய்விடும். ரத்த அணுக்கள் பெரியவை, தங்கிவிடும். 1943இல், ஜெர்மன் பிடியிலிருந்த நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றிச் செய்த கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்கியது.

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஆனால் சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைப்பது. மீதி நேரமெல்லாம் நீரும் உப்பும் உடம்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரை டம்ளரில் அளந்து குடிப்பதும், இளநீர் வேண்டாம் என்று டாக்டர் சொல்வதும் அதனால்தான். சேர்ந்த நீரை நான்கே மணியில் இழுக்கும்போது பி.பி. இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வழியில் வயிற்றின் உட்புறச் சவ்வே வடிகட்டி. இதை நாள் முழுதும் தொடரும் வடிவில் 1976இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் பாப்போவிச், மான்கிரீஃப் இருவரும் முன்வைத்தார்கள். தொப்புளுக்கு அருகே பொருத்திய மென்குழாய் வழியாக 2 லிட்டர் திரவத்தை இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிட வேண்டும். திரவத்திலுள்ள குளுக்கோஸ் நீரை இழுத்துக்கொள்ளும். நாளுக்கு நான்கு முறை, தடவைக்கு அரை மணி. ஊசியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன.

வயிற்றில் முன்பே பெரிய அறுவை நடந்தவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். மற்றவர்களிடம், முதல் ஊசி குத்துவதற்கு முன்பே, இரண்டு வழிகளையும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பேன். ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கும் கிராமத்துக்காரருக்கு அது வேலையைக் காப்பாற்றித் தரும் தகவல்.

வயிற்று வழியில் பயம் கிருமித்தொற்றுதான். கை கழுவி, முகக்கவசம் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும். வடித்த பையை வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்ப்பார்கள். எழுத்து தெரிந்தால் நல்லது. அரிசி களைந்த நீர்போல் கலங்கியிருந்தால், பையையும் எடுத்துக்கொண்டு அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.