தஷானுக்கு ஒரு மார்க், கானருக்கு ஒரு மார்க்

இரண்டாம் வகுப்புச் சிறுவன் எழுதியதாக ஒரு சின்னக் கட்டுரை. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் குவின், அதை 1,500-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆசிரியர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார். சிலருக்குப் போன தாளில் சிறுவனின் சகோதரன் பெயர் தஷான்; மற்றவர்களுக்குப் போனதில் கானர். முதல் பெயரைக் கேட்டால் அமெரிக்கர்களுக்குக் கறுப்பினக் குடும்பம் நினைவுக்கு வரும். இரண்டாவதற்கு வெள்ளையர் குடும்பம். மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

வகுப்புத் தரத்துக்கு எழுதியிருக்கிறானா? கானர் தாளைப் பார்த்தவர்களில் சுமார் 35 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். தஷான் தாளுக்குச் சுமார் 30. ஐந்துதானே என்று தோன்றலாம். ஒரு பிள்ளை பள்ளி முடிப்பதற்குள் எத்தனை தாள் எழுதுகிறான்!

2020-இல் வெளியான இந்த ஆய்வின் சாரமே அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. நடந்ததைச் சொல்ல முயன்றிருக்கிறானா, சொல்லியே விட்டானா, விவரத்தோடு சொன்னானா என்று படிப்படியான அளவுகோல் கொடுத்து மதிப்பிடச் சொன்னபோது வித்தியாசம் காணாமல் போனது. அதற்குள் யாருடைய மனமும் திருந்திவிடவில்லை. 'தரம்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டபோது உள்ளே நுழைந்த பாரபட்சத்துக்கு, இப்போது இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் யார் சேட்டை செய்வான் என்று தேடும் கண்ணுக்கு ஏது அளவுகோல்? யேல் பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கில்லியம் 2016-இல் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு வீடியோ காட்டி, 'தொல்லை தரும் நடத்தை வருகிறதா, கவனியுங்கள்' என்றார். அப்படி எதுவும் அதில் இல்லவே இல்லை. இருந்தும், திரையில் இருந்த நான்கு குழந்தைகளில் கறுப்பினச் சிறுவன் மேல்தான் பார்வை அதிக நேரம் நின்றது. கண்ணசைவைப் பதிவு செய்த கருவி காட்டிக்கொடுத்துவிட்டது. கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல.

எதிர்பார்ப்பு என்று வரும்போது கதை மாறுகிறது. ஒரே கறுப்பின மாணவனைப் பற்றி இரு ஆசிரியர்கள் சொன்னதை ஆய்வாளர் சேத் கெர்ஷென்சனின் குழு ஒப்பிட்டது. அவன் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடிப்பான் என்று நம்பும் வாய்ப்பு, கறுப்பின ஆசிரியரைவிட வெள்ளை ஆசிரியரிடம் சுமார் 30 சதவீதம் குறைவு. இன்னோர் ஆய்வின்படி, வட கரோலினா மாநிலத்தில் பரம ஏழைக் குடும்பத்துக் கறுப்பினச் சிறுவர்கள் 3 முதல் 5-ஆம் வகுப்புக்குள் ஒரேயொரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்திருந்தால், உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது.