தலைக்கு வேண்டியது கொஞ்சம்தான்

மருதாணியை அரைத்துக் கையில் வைத்தால் சிவக்கும். நரைத்த தலையில் தேய்த்தாலும் செம்பட்டையாகத்தான் மாறும். அந்த இலையில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருளால் முடிந்தது அவ்வளவுதான். அதற்கே சில மணி நேரம் ஊற வேண்டும். அவுரி இலைப்பொடியைச் சேர்த்தால் கறுக்கும், ஆனால் அதற்கும் பொறுமை வேண்டும். ஆகவே பச்சை இலைப் படம் போட்டு, 'இயற்கை கருப்பு மருதாணி' என்று எழுதி, அரை மணியில் முடியைக் கருகருவென்று ஆக்கித் தரும் பொட்டலத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளே பெரும்பாலும் இருப்பது பாரா ஃபினிலின் டையமின், சுருக்கமாக பி.பி.டி.

இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றி ஓரமும் காது மடலும் அரித்துத் தடிக்கும், கண் இமை வீங்கும், தலையில் நீர் கோத்து வடியும். பல வருடம் ஒன்றும் செய்யாத அதே சாயம் ஒருநாள் திடீரென்று ஒவ்வாமையைக் கிளப்பலாம். ஒருமுறை வந்தவருக்கு அடுத்தமுறை இன்னும் கடுமையாக வரும். வாய்வழி உள்ளே போனாலோ தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் சாயப் பொட்டலத்தைப் பூட்டி வைக்க வேண்டும்.

சாயத்தை விற்பவருக்குச் சட்டம் ஒரு கடமையை விதித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, பி.பி.டி. உள்ள தலைச்சாயத்தின் உள்ளுறை, வெளியுறை இரண்டிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும். தோல் எரிச்சல் வரலாம், முன்னதாகச் சோதித்துப் பாருங்கள், புருவத்துக்கும் இமைமுடிக்கும் பூசாதீர்கள், பார்வை போகலாம் என்பதே அதன் சாரம். சோதனையும் எளியதுதான். காதுக்குப் பின்னால் சிறிது தடவிக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தடிப்போ அரிப்போ இருந்தால் அந்தப் பொட்டலம் உங்களுக்கு ஆகாது. ஒவ்வொரு முறை சாயம் பூசும் முன்பும் இதைச் செய்ய வேண்டும். எச்சரிக்கை இல்லாத பொட்டலத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உண்மையில் முடிக்கு என்னதான் தேவை? தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற புரதம். அதற்கு வெளியிலிருந்து ஊட்டம் கொடுக்க முடியாது. உள்ளதைச் சேதமாகாமல் காக்கத்தான் முடியும். அழுக்கைப் போக்க சீயக்காய் போதும். கொங்குப் பக்கத்தில் உசிலை இலைப்பொடியான அரப்பு. இரண்டிலும் உள்ள சப்போனின்தான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது. ஷாம்பு போல நுரை பொங்காது. வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்து நன்றாக அலசாவிட்டால் சீப்பில் பொடி பொடியாக வரும். அந்த வேலைக்கு நேரமில்லாதவர்கள் மிதமான ஷாம்பு ஒன்றைப் பயன்படுத்துவதில் எந்தக் குற்றமும் இல்லை. எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வே காட்டியது. மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. பொடுகு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அதுவே தீனி.

பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளுக்கு நெற்றித் தோல் இழுபட இறுக்கிப் பின்னும் இரட்டைச் சடையையும் தளர்த்துங்கள். நாளடைவில் முன்வகிட்டு ஓரம் ஏறிப்போவது அந்த இழுவிசையால்தான்.

முடி கொட்டுகிறது என்ற பயம்தான் மிகப் பெரிய சந்தை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலோருக்குத் தானாகவே திரும்ப வளரும். அந்த இடைவெளியில் வாங்கிய மூலிகை எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கிறது. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் காரணமாக இருந்தால் எந்த எண்ணெயும் உதவாது. இரத்தப் பரிசோதனை உதவும். புழுவெட்டு உடலின் எதிர்ப்பாற்றல் முடிவேரையே தாக்குவதால் வருவது. அங்கே பச்சைப் பூண்டை வைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். தோல் மருத்துவரிடம் போங்கள்.

வழுக்கையைக் குணப்படுத்துவேன், புது முடி வளர்ப்பேன் என்று மருந்துகளே உரிமை கோரக் கூடாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை. வீட்டில் காய்ச்சி இன்ஸ்டாகிராமில் விற்கும் எண்ணெயானாலும் விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். புட்டியில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பாட்டி செய்முறை என்ற பதில் போதாது.

அழகு நிலையத்து முடி நேராக்கத்தில் ஆபத்து வேறு வகை. சில கரைசல்களைச் சூடாக்கும்போது வெளியேறும் ஃபார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தப்பட்ட பொருள். அது இல்லை என்று சொல்லி வந்தவற்றில் கிளைஆக்ஸிலிக் அமிலம் சேர்ந்தது. முடி நேராக்கிய மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதினார்கள். அவருக்குப் பூசிய கிரீமை எலிகளின் தோலில் தடவியபோது அவற்றின் சிறுநீரகத்திலும் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. நாற்காலியில் உட்காரும் முன் புட்டியைக் கையில் வாங்கிப் படியுங்கள். தலை எரிந்தால் உடனே கழுவச் சொல்லுங்கள். 'அப்படித்தான் இருக்கும் மேடம், பொறுத்துக்குங்க' என்று சொன்னாலும் பொறுக்க வேண்டியதில்லை.

பாதிப்பு வந்துவிட்டால் முதல் வேலை மருத்துவரைப் பார்த்து, என்ன பூசினீர்கள் என்பதைச் சீட்டில் எழுத வைப்பது. புட்டியைத் தூக்கி எறியாதீர்கள். நாள் தெரியும் புகைப்படம், ரசீது, கட்டணம் செலுத்திய குறுஞ்செய்தி எல்லாம் ஆதாரம். டெல்லியில் முடியைத் தவறாக வெட்டியதற்காக ஒரு பெண்ணுக்குத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-இல் 2 கோடி ரூபாய் வழங்கியது. சேவைக் குறைபாடு என்ற முடிவில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. ஆனால் இழப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று அந்தத் தொகையை 2023-இல் ரத்துசெய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. காகிதத்தைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். உரிமமில்லாத பொருளென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பாதிப்பு நடந்து 2 ஆண்டுக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.