இரும்பையும் மிஞ்சும் பொருள் உண்டா?

மாபெரும் விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி நொறுங்கி, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகிவிடும். பொதுவாகச் சூரியனை விஞ்சும் நிறை அதற்குள் அடங்கியிருக்கும். இதுதான் நியூட்ரான் விண்மீன். அந்த நெருக்கடியில் நியூட்ரான்களும் கரைந்து, அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகள் தனித்தனியே உலவ ஆரம்பித்தால் கிடைப்பது குவார்க் விண்மீன். அப்படி ஒன்று உண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நியூட்ரானுக்குள் இருப்பவை ‘அப்’, ‘டவுன்’ என்ற இரு வகைக் குவார்க்குகள். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு, ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது பவுலியின் விதி. படிக்கு ஒருவர்தான் என்ற கட்டுப்பாட்டோடு இரண்டு படிக்கட்டுகளில் கூட்டம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பிந்தி வருபவர் உயரே போயாக வேண்டும். மூன்றாவது படிக்கட்டு திறந்தால், உச்சியில் நிற்பவர்கள் அதன் கீழ்ப்படிகளுக்கு வந்துவிடலாம். ‘ஸ்ட்ரேஞ்ச்’ குவார்க்தான் அந்த மூன்றாவது படிக்கட்டு; உயரம்தான் ஆற்றல். அதற்கு நிறை அதிகம்; இருந்தும் மொத்த ஆற்றல் குறைய வாய்ப்புண்டு.

1971இல் இயற்பியலாளர் பாட்மரும் 1984இல் எட்வர்ட் விட்டனும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். மூவகையும் கலந்த பொருள், இரும்பின் அணுக்கருவையும்விட நிலையானதாக இருக்கலாம் என்றார்கள். நம்மைச் சுற்றியுள்ள இரும்பு அப்படி மாறிவிடாததற்குக் காரணம் உண்டு: ஏராளமான குவார்க்குகள் ஒரே சமயத்தில் வகை மாறினால்தான் அது நடக்கும்.

விண்மீனுக்குள் இருப்பது எது என்பதை வெளி அளவே காட்டிக்கொடுக்கும். நியூட்ரான் விண்மீனைக் கட்டிவைத்திருப்பது ஈர்ப்பு. நிறை குறைந்தால் பிடி தளர்ந்து அது பருக்கும். குவார்க் விண்மீனோ குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசையாலேயே கட்டுண்டது. நிறை குறைந்தால் அளவும் குறையும். ஆகவே நிறையிலும் அளவிலும் சிறிய விண்மீனைத் தேடுகிறார்கள்.

சந்திரா விண்வெளித் தொலைநோக்கி, ஆர்எக்ஸ் ஜே1856 என்ற விண்மீனை ஆராய்ந்ததன் முடிவு 2002இல் வெளியானது. எக்ஸ் கதிரை வைத்துக் கணக்கிட்டபோது, நியூட்ரான் விண்மீனுக்கு ஆகாத அளவுக்கு அது சிறியதாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கதிர் சூடான பகுதியிலிருந்து மட்டும் வந்திருக்கலாம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் சேர்த்துப் பார்த்தபோது அளவு கூடிவிட்டது. 2022இல் ஹெஸ் ஜே1731 என்ற இன்னொன்று கவனத்துக்கு வந்தது: நிறை சூரியனில் சுமார் 0.77 பங்கு, ஆரம் சுமார் 10 கிலோமீட்டர். அதன் தொலைவையும் மேற்பரப்பையும் பற்றிய அனுமானங்கள் மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து நைசர் கருவி 2017இல் இத்தகைய விண்மீன்களின் ஆரத்தை அளக்கத் தொடங்கியது. நியூட்ரான் விண்மீனுக்குரிய அளவிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் வித்தியாசம் ஐயமில்லாமல் நிரூபணமானால் போதும். அணுக்கருக்களால் ஆன நம் உலகம், பொருளின் இறுதி வடிவம் அல்ல என்று ஆகிவிடும்.